எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம்: பிள்ளையோடு உட்கார்ந்து தொழில்நெறித் தளங்களைப் பார்ப்பது எப்படி?

என் மூத்த மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான். டாக்டராகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், பதினோராம் வகுப்பில் தூய அறிவியல் பிரிவில் சேர்த்துவிட்டோம். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் அவனுக்குக் கப்பல் வேலையில் ஆசை வந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதவே இயற்பியல், வேதியியலோடு கணிதமும் படித்திருக்க வேண்டும் என்று. அவன் எடுத்த பிரிவில் கணிதமே கிடையாது. அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

சின்னவள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும், இந்த முறை முன்கூட்டியே பார்ப்போம் என்று, பிள்ளைக்கு எந்தெந்தத் தொழில் பொருந்தும் என்று காட்டும் தொழில்நெறித் தளங்களை இணையத்தில் தேட ஆரம்பித்தேன். அங்கேயும் இடறினேன். தேவையில்லாத இடத்தில் பணம் கட்டினேன், கொடுக்கக் கூடாத இடத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். வழி பிடிபட ஒன்றரை வருடம் ஆனது. தமிழ்நாட்டில் 13 முதல் 15 வயதுக்குள் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் தொழிலை முடிவு செய்ய வேண்டியதில்லை. பிள்ளை இதுவரை கேள்விப்படாத தொழில்களின் பெயர்கள் காதில் விழ வேண்டும். எந்தப் பாடத்தை விட்டால் எந்த வழி அடைபடும் என்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும்.

1. முதலில் ஒரு தாள், பேனா

எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்னால், தனக்குத் தெரிந்த தொழில்களின் பெயர்களையெல்லாம் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். என் மகள் பதினான்கு எழுதினாள். டாக்டர், டீச்சர், கலெக்டர், போலீஸ், வங்கி வேலை, ஐடி என்று போனது. பெரும்பாலும் எங்கள் தெருவில் இருப்பவர்களின் வேலை, அல்லது தொலைக்காட்சியில் வருவது. பாவம், அவள் வேறு எங்கே பார்த்திருக்கப் போகிறாள்?

தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தாள் எழுதும்போது இதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்

பல தளங்களில் பதிவு செய்தால்தான் உள்ளே போக முடியும். இந்தியாவில் 13 வயது முடிந்த பிள்ளை கூகுள் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழ் என்றால் 'ஃபேமிலி லிங்க்' வழியாகப் பெற்றோர்தான் திறந்து கொடுக்க வேண்டும். அது இலவசம்தான். பதிவு சீக்கிரம் முடியட்டும் என்று பிறந்த வருடத்தை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். 18 வயதுக்கு மேல் என்று நினைத்துவிட்டால், பிள்ளைகளுக்கென்று இருக்கும் பாதுகாப்பு எதையும் அந்தத் தளம் தராது.

நான் சிக்கியது கைபேசி எண்ணில்தான். 'இலவசத் தொழில்நெறித் தேர்வு' என்று ஒரு தளம். நாற்பது கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, முடிவைப் பார்க்க பெற்றோரின் எண்ணைக் கேட்டது. மகள் பக்கத்தில் ஆவலாக உட்கார்ந்திருந்தாள், கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து பயிற்சி மையங்களின் அழைப்புகள். மூன்று மாதம் நிற்கவில்லை. முடிவைப் பூட்டி வைத்துவிட்டு எண்ணைக் கேட்கும் தளம் உங்கள் எண்ணுக்காகத்தான் அந்தத் தேர்வை நடத்துகிறது. மூடிவிட்டு வெளியே வாருங்கள், இழப்பு ஒன்றும் இல்லை.

2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகவே எதற்கு இந்த விவரம் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். ஆதார் எண், வீட்டு முகவரி, பிள்ளையின் புகைப்படம் மூன்றும் எந்த ஆர்வத் தேர்வுக்கும் தேவையில்லை. இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

3. ஆர்வத் தேர்வு: இதற்கு நேரம் ஒதுக்குங்கள்

நான் பார்த்ததில் மிகவும் உபயோகமானது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் 'மை நெக்ஸ்ட் மூவ்' தளம். அதில் 'இன்டரஸ்ட் புரொஃபைலர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, எண் கேட்பதில்லை. மொத்தம் 60 கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு வேலை. அதைச் செய்யப் பிடிக்குமா, பிடிக்காதா என்று ஐந்து படிகளில் ஒன்றைத் தொட வேண்டும்.

முடிவில் ஆறு வகையான ஆர்வங்களுக்கு மதிப்பெண் வரும். கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, நடத்திச் செல்வது அல்லது வியாபாரம், ஒழுங்கும் கணக்கும் சார்ந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 40. எந்த இரண்டு அல்லது மூன்று மேலே நிற்கின்றன என்று பார்த்தால் போதும். 28க்கும் 26க்கும் நடுவில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. உலாவியின் தமிழ் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம், சில வரிகள் பொருளே மாறி வருகின்றன. நீங்களோ, வீட்டில் ஆங்கிலம் தெரிந்த வேறொருவரோ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். இரண்டாவது கேள்வியே செங்கல் அல்லது ஓடு பதிக்கும் வேலை பற்றியது. அதை வாசிக்கும்போது என் குரல் இறங்கியது எனக்கே தெரிந்தது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடிக்காதுன்னு போடுங்கம்மா" என்றாள். ஆனால் வீட்டில் உடைந்த நாற்காலியை உட்கார்ந்து சரிசெய்பவள் அவள்தான். படிப்பு இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் யோசிக்காமல் பிடிக்குமா என்று மட்டும் பார்க்கும்படி தளமே சொல்கிறது. அந்த வரியைப் பிள்ளைக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

முதல் முறை இரவு ஒன்பது மணிக்கு, டியூஷன் முடிந்து வந்த களைப்பில் செய்ய வைத்தோம். இருபதாவது கேள்விக்கு அப்புறம் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் பதிலையே தொட்டிருக்கிறாள். முடிவில் ஆறும் ஏறக்குறைய சமமாக வந்தன. அதனால் ஞாயிறு காலை மாதிரி ஒரு நேரம் பாருங்கள். தமிழில் சொல்லிக்கொண்டே போனால் நாற்பது நிமிடம் ஆகும். மதிப்பெண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், தளம் உங்களுக்காக எடுத்து வைக்காது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். இந்த வயதில் ஆர்வம் மாறிக்கொண்டே இருக்கும், அது இயல்புதான். இரண்டு மூன்று முறையும் மேலேயே நிற்கும் வகை எதுவோ, அதைத்தான் பொருட்படுத்த வேண்டும்.

4. முடிவிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது

தேர்வு முடிந்ததும் பொருத்தமான தொழில்களின் நீண்ட பட்டியல் வரும். பிள்ளையின் முதல் தாளில் இல்லாத பெயர்கள் அதில்தான் கிடைக்கும். என் மகளுக்கு வந்ததில் செயற்கைக் கை கால் செய்பவர், செவித்திறன் வல்லுநர், வரைபடம் தயாரிப்பவர் மூன்றையும் அவள் முன்பு கேள்விப்பட்டதே இல்லை.

அங்கே போட்டிருக்கும் சம்பளம் டாலரில், அமெரிக்காவுக்கானது. அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கவே கூடாது. படிப்பு, உரிமம் பற்றிய தகவலும் அந்த நாட்டுக்கானதுதான். தொழிலின் பெயரையும் அன்றாடம் என்ன செய்வார்கள் என்ற விவரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்தியத் தகவலைத் தேட வேண்டும். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தேசியத் தொழில்நெறி சேவைத் தளத்தில் நிறையத் தொழில்களுக்கு விவரக் குறிப்புகள் உண்டு. அது இலவசச் சேவை. அதே பெயரின் சாயலில் பணம் கேட்கும் போலித் தளங்களும் இருப்பதால், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான உயர்கல்வி, தொழில் வழிகாட்டுதல் இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். இணையம் கைகொடுக்காதவர்கள் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பிள்ளைகள் எப்படியும் அங்கேதான் போவார்கள். ஒரு தொழிலில் ஒரு நாள் எப்படிப் போகும், அந்த வேலையில் இருப்பவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கெல்லாம் நன்றாகவே உதவுகின்றன. தகுதி, வயது வரம்பு, தேதி, கட்டணம் நான்கையும் மட்டும் அங்கே கேட்டு நம்பாதீர்கள். போன வருட விதியை இந்த வருடத்தது போல் அழுத்தமாகச் சொல்கின்றன. அந்தந்தத் தேர்வின் அதிகாரபூர்வத் தகவல் கையேட்டில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

5. திறன் தேர்வு வேறு

பிடிப்பது வேறு, வருவது வேறு. சிபிஎஸ்இ தன் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 'தமன்னா' என்ற திறனறித் தேர்வை வைத்திருக்கிறது. மொழி, எண், இட உணர்வு, இயந்திர அறிவு போல ஏழு திறன்களைப் பார்க்கிறது. தேர்ச்சி, தோல்வி கிடையாது. கட்டாயமும் இல்லை. பள்ளி வழியாக நடப்பது என்பதால், பிள்ளை சிபிஎஸ்இ என்றால் பள்ளியில் கேளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் இது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் சொல்லாமலே உட்கார்ந்து செய்கிறான் என்று மூன்று மாதம் குறித்து வைத்தால், அதுவே நல்ல திறன் அறிக்கை.

6. காசு கட்டும் தேர்வுகள்

நான் 3,500 ரூபாய் கட்டினேன். முப்பத்தாறு பக்கத்தில் வண்ண அறிக்கை வந்தது. அதில் இருந்த ஆர்வப் பகுதி, இலவசமாகச் செய்த 60 கேள்விகள் சொன்னதையே சொன்னது. மீதிப் பக்கங்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். 'ஆலோசனை அமர்வு' என்று சொன்ன முக்கால் மணி நேரத்தில் பாதி, அடுத்த தொகுப்பை வாங்கச் சொல்வதிலேயே போனது.

பயிற்சி பெற்ற ஆலோசகர் நேரில் உட்கார்ந்து பேசுவதற்குக் கட்டணம் வாங்குவது நியாயம்தான், அதைத் தவறு சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: யார் பேசப் போகிறார்கள், என்ன படித்தவர், எத்தனை நிமிடம், பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் பதில் தராதவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கைரேகையை வைத்துப் பிள்ளையின் மூளைத் திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளுக்கே வருகிறார்கள். டிஎம்ஐடி என்பார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

காசில்லாமல் ஓர் இடம் வேண்டுமா? ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. பழைய எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்தான். பதிவைப் புதுப்பிக்க மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டுதலும் அவர்களின் வேலைதான்.

7. எந்த வழி எப்போது அடைபடும்

எந்தத் தளமும் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லாதது இது. இதற்காகத்தான் எட்டாம் வகுப்பிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில்: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வை எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9ஆம் வகுப்பு முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். இந்த வகுப்பை விட்டால் அடுத்த வருடம் எழுத முடியாது.

பள்ளி மாற்றும்போது: மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் இருக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பிள்ளை எங்கே பள்ளிப் படிப்பு படித்தது என்று பார்க்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில்: கணிதத்தில் 'பேசிக்', 'ஸ்டாண்டர்டு' என்று இரண்டு தாள்கள். பதினொன்றில் கணிதம் எடுக்க வாய்ப்பிருக்கிறது என்றால் ஸ்டாண்டர்டு எழுதட்டும்.

பத்து முடிந்ததும்: பாலிடெக்னிக் மூன்று வருடம், ஐடிஐ, பதினோராம் வகுப்பு. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று அதை ஒதுக்காதீர்கள். கையால் செய்யும் வேலையில் ஆர்வம் உயர்ந்து நிற்கும் பிள்ளைக்கு அது நல்ல பாதை.

பதினொன்றில் பிரிவு எடுக்கும்போது: பொறியியல், கட்டடக்கலைக்கான நாட்டா, கப்பல், என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக விமானப்படை அல்லது கடற்படை, இவற்றுக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும். மருத்துவத்துக்கான நீட்டுக்கு உயிரியல் வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம்), தேசிய வடிவமைப்பு நிறுவனம் இரண்டின் வடிவமைப்புப் படிப்புகள், ஓட்டல் மேலாண்மை, என்டிஏ தரைப்படை ஆகியவற்றுக்கு எந்தப் பிரிவும் போதும். கணிதம் உயிரியல் இரண்டும் உள்ள பிரிவு எடுத்தால் பெரும்பாலான வழிகள் திறந்தே இருக்கும், ஆனால் சுமை அதிகம். கணிதத்தில் தடுமாறும் பிள்ளையை அந்தப் பயத்தில் அங்கே தள்ளாதீர்கள். வழி திறந்திருக்கட்டும் என்று சேர்த்துவிட்டு, இருக்கும் மதிப்பெண்ணும் போய்விட்டால் என்ன பயன்?

பிள்ளை பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தொழிலுக்கும் எதிரே 'பதினொன்றில் என்ன பாடம் வேண்டும்' என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆறு தொழில்களில் நான்குக்குக் கணிதம் தேவைப்பட்டது. பேச்சு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

8. சான்றிதழ்கள்

பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மாணவர் பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்கு முன் திருத்தினால் தலைமை ஆசிரியர் அளவில் முடியும். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். எங்களுக்கு மூத்தவனின் முன்னெழுத்து ஆதாரில் ஒன்று, சான்றிதழில் இன்னொன்று. அதற்கே ஒரு கோடை விடுமுறை போனது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றும் 60 ரூபாய். சாதிச் சான்றிதழை ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும், ஆகவே தேவைப்படும் நேரத்தில் வாங்குங்கள். கல்லூரிக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மூத்த பிள்ளை பட்டம் பெற்றிருந்தால் இளையவருக்குக் கிடைக்காது, செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

9. திரையிலிருந்து வெளியே

பட்டியலில் மூன்று தொழில்கள் தங்கியதும் கணினியை மூடிவிட்டு ஆட்களைப் பார்க்கப் போங்கள். நாங்கள் இருப்பது காரைக்குடிப் பக்கம். செப்டம்பர் 26, மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள். அதையொட்டி, இங்கே இருக்கும் அதன் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். கட்டணம் இல்லை. அந்த வருடம் தேதியை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள், பள்ளிக் கூட்டம் வந்துவிட்டால் எதையும் நின்று கேட்க முடியாது. மின்கலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என் மகள், "அக்கா, நீங்க எட்டாவதுல என்ன ஆகணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள். "பேங்க்ல வேலை பாக்கணும்னு," என்றார் அவர்.

அருகில் ஆய்வகம் இல்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரின் வேலையிடத்தில் அரை நாள் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. போவதற்கு முன் பிள்ளை ஐந்து கேள்விகளை எழுதி வைத்திருக்கட்டும். இந்த வேலையில் சலிப்பான பகுதி எது என்பது அதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

10. எப்போது எதைச் செய்வது

எட்டாம் வகுப்பு ஜூனில் முதல் தாளும் முதல் ஆர்வத் தேர்வும். அரையாண்டு விடுமுறையில் சான்றிதழ் சரிபார்ப்பு, உதவித்தொகைத் தேர்வு விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை ஆர்வத் தேர்வு, இரண்டு வேலையிடங்கள். பத்தாம் வகுப்பு ஜூன், ஜூலையில் பாடப் பட்டியலை முடித்துவிடுங்கள், அதன் பிறகு அந்த வருடம் பிள்ளையைப் படிக்க விடுங்கள். மே மாதம் பிரிவு கேட்டு பள்ளிக்குப் போகும்போது அந்தத் தாள்களையும் சான்றிதழ்க் கோப்பிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். சேர்க்கை மேசையில் அவசரப்படுத்துவார்கள். பிள்ளை தன் கையெழுத்தில் எழுதியதை ஒரு முறை பார்த்துவிட்டு, தானே பிரிவின் பெயரைச் சொல்லட்டும்.